சாய்ந்த எழுத்து, நெருக்கிய எழுத்து: எழுத்துருவின் அரசியல் பற்றிச் சில குறிப்புகள்

1

பிரதியைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் நிறையவே பேசியாகிவிட்டது. ஆசிரியனின் மரணம், குறிப்பான்களின் விளையாட்டு, அர்த்தத்தின் ஒத்திவைப்பு என்று ஒரு தலைமுறையே பேசித் தீர்த்திருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சு முழுவதிலும் பிரதி என்பது காற்றில் மிதக்கிற வஸ்து மாதிரியே வந்துபோகிறது. அது ஈயத்தில் வார்க்கப்பட்டோ மரத்தில் வெட்டப்பட்டோ, மை தடவித் தாளில் அழுத்தப்பட்ட பொருள் என்பதும், அதை யாரோ ஒருத்தர் கூலிக்கு வெட்டினார், யாரோ ஒருத்தர் நாள்பூரா நின்றுகொண்டே கோர்த்தார் என்பதும் நம் விவாதத்துக்குள் வருவதேயில்லை. கருத்து ஒசத்தி, எழுத்து வெறும் கூடு என்கிற பழைய வைதிகப் பிரிவினையை, பொருள்முதல்வாதம் பேசுகிற நாமும் ஓசைப்படாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம்.

இந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒரே ஒரு எழுத்து வகையைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். சுவரொட்டியிலும் விளம்பரத்திலும் பத்திரிகைத் தலைப்பிலும் நாம் தினமும் பார்க்கிற, அகலம் குறுக்கப்பட்டு வலப்பக்கம் சாய்ந்து நிற்கிற தடித்த ரோமன் எழுத்து. அச்சகக்காரர்கள் பாஷையில் சொன்னால் கண்டென்ஸ்டு இத்தாலிக். இதில் இரண்டு குணங்கள் இருக்கின்றன. ஒன்று சாய்வு, இன்னொன்று நெருக்கம். இரண்டும் ஒரே இடத்தில் பிறந்தவை இல்லை. சாய்வு, வெனிஸ் நகரத்துப் புலவர்களின் படிப்பறையில் பிறந்தது. நெருக்கம், முந்நூறு வருஷம் கழித்து லண்டன், நியூயார்க் தெருக்களில் பிறந்தது. ஒன்று படித்தவனின் கைக்கு வந்தது; மற்றது வழிப்போக்கனின் கண்ணைப் பிடித்து இழுத்தது. இரண்டும் சேர்ந்த கதையில் அறிவு, கூலி, உடைமை மூன்றும் பின்னிக் கிடக்கின்றன.

2

1501-இல் வெனிஸில் ஆல்டஸ் மனுஷியஸ் என்கிற அச்சக அதிபர் வர்ஜிலின் கவிதைகளைக் கைக்குள் அடங்குகிற சின்ன அளவில் வெளியிட்டார். முழுப் புத்தகமும் சாய்வெழுத்தில் அச்சான முதல் நூல் அதுதான். அதற்கு முந்தைய வருஷம் சியன்னாவின் புனித கதரீனாளின் கடிதங்களை வெளியிட்டபோது, ஒரு படத்துக்குள் சில சொற்களுக்கு மட்டும் இந்த எழுத்து எட்டிப் பார்த்திருந்தது.

சாய்வெழுத்து வானத்திலிருந்து குதிக்கவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டின் மனிதநேயவாதப் புலவர்கள் ஏடுகளை வேகமாகப் படியெடுக்க ஒரு ஓடுகை எழுத்தைப் பழகியிருந்தார்கள். அலுவலக எழுத்தர்களும் அந்த மாதிரிதான் எழுதினார்கள். கை வேகமாக ஓடும்போது எழுத்து சாய்கிறது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது, கொஞ்சம் ஒடுங்குகிறது. அந்தக் கையெழுத்தைத்தான் ஈயத்துக்குக் கொண்டுபோனார்கள். பெரிய எழுத்துகள் மட்டும் நிமிர்ந்தே நின்றன. சின்ன எழுத்துகள்தான் சாய்ந்தன.

ஆல்டஸ் இதைச் செய்தது தாளை மிச்சம் பிடிக்கத்தான் என்று அச்சு வரலாற்று நூல்களில் வழிவழியாக எழுதி வந்தார்கள். மிச்சம் அப்படியொன்றும் பெரிசில்லை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் மறுத்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தச் சின்னப் புத்தகங்களில் மூலம் மட்டுமே இருந்தது. அதற்கு முன்னால் செவ்வியல் நூல் என்றால் பெரிய தாளில், நாலு பக்கமும் உரை சூழ்ந்து, நடுவில் மூலம் மூச்சுமுட்டக் கிடக்கும். ஆல்டஸ் உரையைத் தூக்கி எறிந்தார். மேசையில் விரித்துப் போட்டு ஆசிரியர் சொல்லக் கேட்டுப் படிக்க வேண்டிய நூல், சட்டைப்பைக்குள் போயிற்று. உரையாசிரியனின் அதிகாரம் அங்கே ஒரு படி இறங்கியது. நச்சினார்க்கினியரும் பரிமேலழகரும் இல்லாமல் வெறும் மூலத்தைக் கையில் வாங்கின முதல் தமிழ் வாசகன் என்ன உணர்ந்திருப்பானோ, அதையே வர்ஜிலை வாங்கின வெனிஸ்காரனும் உணர்ந்திருக்கக்கூடும்.

இந்த விடுதலைக் கதையோடு நிறுத்திக்கொள்ள முடியாது. எழுத்தை வெட்டியது ஆல்டஸ் இல்லை. பொலோனா ஊர்க்காரரான பிரான்செஸ்கோ கிரிஃபோ என்கிற கைவினைஞர் வெட்டினார். எஃகு முனையில் ஒவ்வொரு எழுத்தையும் இடவலம் மாற்றிச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்து, அந்தக் குழியில் ஈயம் வார்க்க வேண்டும். மில்லிமீட்டருக்கும் கீழான கணக்கு. சாய்வெழுத்தில் ஒட்டெழுத்துகள் வேறு ஏராளம். 1501 வர்ஜிலின் முன்பக்கத்தில் மூன்று வரியில் கிரிஃபோவின் கைவண்ணத்தைப் பாராட்டி ஆல்டஸே எழுதினார். அடுத்த வருஷம், 1502-இல், வெனிஸ் செனட் இந்த எழுத்தைப் பயன்படுத்தும் தனியுரிமையைப் பத்து வருஷத்துக்கு வழங்கியது. வழங்கியது யாருக்கு? ஆல்டஸுக்கு. போப்பாண்டவரிடமிருந்தும் சலுகை வந்தது. அதுவும் ஆல்டஸுக்கே.

கிரிஃபோ சண்டை போட்டுக்கொண்டு வெனிஸை விட்டுப் போய், பானோ என்கிற ஊரில் சொன்சினோ என்கிற யூத அச்சகருக்கு எழுத்து வெட்டிக் கொடுத்தார். 1503-இல் அவர் வெளியிட்ட பெட்ரார்க் நூலின் முன்னுரையில் சொன்சினோ பகிரங்கமாகவே எழுதினார்: இந்த எழுத்தின் உண்மையான கர்த்தா பிரான்செஸ்கோதான், பெயர் வாங்கிக்கொண்டவர் இன்னொருவர். ஒரு தொழிலாளியின் பெயருக்காக அச்சில் நடந்த முதல் வாதங்களில் ஒன்று என்று இதைச் சொல்லலாம். அதே 1503-இல் லியோன் நகரத்து அச்சகங்கள் ஆல்டஸின் எழுத்தையும் நூல்களையும் நகலெடுப்பதாகப் புகார் சொல்லி, அந்த நகல்களிலுள்ள பிழைகளைப் பட்டியல் போட்டு ஆல்டஸ் ஒரு எச்சரிக்கை வெளியிட்டார். லியோன்காரர்கள் அந்தப் பட்டியலையே வைத்துத் தங்கள் பிழைகளைத் திருத்திக்கொண்டார்கள்!

கிரிஃபோவின் முடிவு பரிதாபம். 1516 வாக்கில் பொலோனா திரும்பி, சொந்தமாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டார். பிறகு மருமகனை இரும்புத் தடியால் அடித்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். அத்தோடு ஆவணங்களிலிருந்தே மறைந்துபோகிறார். ஆல்டஸுக்கு வரலாறு கிடைத்தது. கிரிஃபோவுக்குப் போலீஸ் ரிக்கார்டு கிடைத்தது. ‘இழிந்த மனிதர்களின் வாழ்க்கை’ என்று ஃபூக்கோ எழுதினாரே, அதிகாரத்தோடு மோதிய கணத்தில் மட்டும் வெளிச்சம் பட்டு மறைகிறவர்கள் என்று, கிரிஃபோவையும் அந்த வரிசையில் வைக்கலாம்.

3

அடுத்த கட்டம் இன்னும் சுவாரசியமானது. தொடக்கத்தில் சாய்வெழுத்து தன்னிறைவான எழுத்து. ஒரு புத்தகம் பூரா அதிலேயே வரும். நேரெழுத்துக்கு அது தம்பியுமில்லை, வேலைக்காரனுமில்லை. பதினாறாம் நூற்றாண்டின் நடுவாக்கில் பெரிய எழுத்துகளும் சாயத் தொடங்கின. நேரெழுத்துக்குத் துணையாக அதே அளவில் சாய்வெழுத்து வெட்டும் வழக்கம் பிரான்சில் வேரூன்றியது. அதன் பிறகு நேரெழுத்து ‘இயல்பு’ ஆயிற்று. சாய்வு ‘விலகல்’ ஆயிற்று. நேரெழுத்து பேசும், சாய்வெழுத்து இடையிடையே தலைகாட்டும். இரண்டு இருந்தால் ஒன்று மையம், மற்றது விளிம்பு என்கிற எதிரிணைக் கட்டமைப்பு ஈயத்துக்குள்ளும் வந்துவிட்டது.

விளிம்புக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்று பாருங்கள். 1560-இன் ஜெனீவா பைபிளில், மூலத்தில் இல்லாமல் மொழிபெயர்ப்பாளர்கள் வாக்கியம் ஓட வேண்டுமென்று சேர்த்த சொற்களைச் சாய்வெழுத்தில் போட்டார்கள். சாய்ந்திருந்தால் தேவ வாக்கு இல்லை, மனுஷன் சேர்த்தது என்று அர்த்தம். கொஞ்ச காலம் போனதும் அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லுக்கும் அதே சாய்வு வந்தது. ஒரே சாய்வு ஒரு பக்கத்தில் ‘இது பலவீனமான சொல்’ என்கிறது, இன்னொரு பக்கத்தில் ‘இது பலமான சொல்’ என்கிறது. சாய்வுக்கென்று உள்ளார்ந்த அர்த்தம் எதுவும் கிடையாது. நேராக நிற்பதிலிருந்து வேறுபடுவதுதான் அதன் ஒரே அர்த்தம். சசூர் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மூன்றாவது வேலைதான் நம்மைத் தொடுகிறது. ஆங்கிலப் புத்தகங்களில் அந்நியச் சொல்லைச் சாய்த்துப் போடுவது மரபு. நம் கதைகள் ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘சேரி’ என்கிற சொல் பெரும்பாலும் சாய்ந்துதான் நிற்கிறது. ‘கெட்டோ’ என்கிற சொல் நிமிர்ந்து நிற்கிறது. கெட்டோ எங்கிருந்து வந்த சொல்? அதே வெனிஸ். 1516-இல் யூதர்களை ஒரு பகுதிக்குள் அடைத்துப் பூட்டிய இடத்தின் பெயர். அதுவும் ஆங்கிலத்துக்கு அந்நியச் சொல்தான். ஆனால் அது குடியுரிமை வாங்கிவிட்டது. எந்தச் சொல் எப்போது நிமிரலாம் என்று முடிவு செய்வது பதிப்பகத்தின் நடைக் கையேடு. ஒடுக்கப்பட்டவனின் குடியிருப்பைக் குறிக்கிற இரண்டு சொற்களில் ஒன்று நேராகவும் ஒன்று சாய்ந்தும் நிற்பதை மொழியியல் விஷயம் என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? இன்று பல எழுத்தாளர்கள் தங்கள் தாய்மொழிச் சொற்களைச் சாய்க்கக் கூடாது என்று பதிப்பாளர்களிடம் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

4

இனி நெருக்கம். 1803-ஐ ஒட்டி லண்டனில் தடித்த எழுத்துகள் வரத் தொடங்கின. 1816-இல் நான்காம் வில்லியம் கேஸ்லானின் மாதிரிப் புத்தகத்தில் முனைக்கோடுகள் இல்லாத எழுத்து முதன்முதலாக வந்தது. லாட்டரி, நாடகம், மருந்து வியாபாரம் எல்லாம் தெருவில் கத்த வேண்டிய காலம். புத்தக எழுத்து மெதுவாகப் பேசும். தெருவுக்கு வேறு தொண்டை வேண்டியிருந்தது.

ஆனால் பெரிய ஈய எழுத்து கனம், விலை அதிகம், வார்க்கும்போது முகம் சமமாக வராது. 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தைக் குடைகிற இயந்திரம் ஒன்றைச் செய்து, அடுத்த வருஷமே மர எழுத்துப் பட்டியல் வெளியிட்டார். 1834-இல் வில்லியம் லெவன்வொர்த் அதோடு பாண்டோகிராஃப் கருவியைச் சேர்த்தார். ஒரு மாதிரியின் விளிம்பில் முள்ளை ஓட்டினால், மறுமுனையில் அதே வடிவம் வேண்டிய அளவில் மரத்தில் வெட்டுப்படும். கிரிஃபோ மாதக்கணக்கில் செய்த வேலையை, எழுத்து வடிவம் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லாத ஒரு தொழிலாளி மணிக்கணக்கில் செய்து முடித்தார். திறன், கையிலிருந்து இயந்திரத்துக்குப் போயிற்று.

ஏன் குறுக்கினார்கள்? காரணம் எளிமையானது. சுவரொட்டியில் ஒவ்வொரு வரியும் தாளின் முழு அகலத்தையும் நிரப்ப வேண்டும். எழுத்து உயரமாகவும் இருக்க வேண்டும். சின்னச் சொல்லுக்கு அகல எழுத்து. நீளச் சொல்லுக்கு ஒடுங்கிய எழுத்து. சொல்லின் நீளமும் தாளின் அகலமும் சேர்ந்து எழுத்தின் உடம்பைத் தீர்மானித்தன. பேருந்தில் ஆள் ஏற ஏற, நிற்கிறவர்கள் ஒடுங்கிக்கொள்கிற மாதிரி.

ஒரே பெட்டியிலிருந்த அதே மர எழுத்துகள் யார் யாருக்கு உழைத்தன என்று பார்த்தால் தலை சுற்றும். அடிமைகளை ஏலம் விடும் அறிவிப்பு, தப்பியோடிய அடிமையைப் பிடித்துக் கொடுத்தால் வெகுமதி என்கிற அறிவிப்பு எல்லாம் இந்தத் தடித்த எழுத்துகளில்தான் வந்தன. 1851 ஏப்ரலில் பாஸ்டன் நகரத்துக் கறுப்பின மக்களை எச்சரித்து, காவல்காரர்களிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், அவர்கள் இப்போது ஆள் பிடிக்கிறவர்கள் என்று அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் ஒட்டிய சுவரொட்டியும் இதே மாதிரித் தடித்த எழுத்துகளில்தான் வந்தது. எழுத்துக்கு வர்க்க குணம் இல்லை என்று இதை வைத்துச் சொல்லலாம். அப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனசில்லை. எழுத்து யார் பெட்டியில் இருக்கிறது, யார் கை அதைக் கோர்க்கிறது என்பதில் வர்க்கம் இருக்கிறது.

சிகாகோவை எடுத்துக்கொள்வோம். 1886 மே 4 அன்று ஹேமார்க்கெட் சதுக்கத்தில் கண்டனக் கூட்டம். ஆங்கிலத்திலும் ஜெர்மன் மொழியிலும் துண்டறிக்கை அச்சானது. அதில் தொழிலாளர்கள் ஆயுதம் ஏந்தி வர வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. பேசவிருந்த ஆகஸ்ட் ஸ்பைஸ், அந்த வரியை எடுக்காவிட்டால் மேடை ஏற மாட்டேன் என்றார். வரி எடுக்கப்பட்டது. அதற்குள் சில நூறு பிரதிகள் பழைய வரியோடு வெளியே போய்விட்டன. கூட்டத்தில் குண்டு வெடித்தது. எறிந்தது யார் என்று கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. அந்தத் துண்டறிக்கை நீதிமன்றத்தில் சாட்சியமாக வந்து நின்றது. 1887 நவம்பர் 11 அன்று தூக்கிலிடப்பட்ட நான்கு பேரில் இரண்டு பேர், அடால்ஃப் பிஷரும் ஆல்பர்ட் பார்சன்ஸும், தொழிலால் அச்சுக்கோர்ப்பாளர்கள். மே தினத்தைக் கொண்டாடுகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஒரு வரியை ஃபாரத்திலிருந்து கழற்றிய பிறகும் அந்த வரி கழுத்தைச் சுற்றியது.

5

சாய்வும் நெருக்கமும் இருபதாம் நூற்றாண்டில் ‘வேகம்’ என்கிற ஒற்றை அர்த்தத்தில் போய்ச் சேர்ந்தன. இதற்குக் கோட்பாடு எழுதியவர் இத்தாலிய எதிர்காலவாதி மரினெட்டி. 1913-இன் அறிக்கையில், பக்கத்தின் சமநிலையை உடைக்க வேண்டும், விரைவான உணர்ச்சிகளுக்குச் சாய்வெழுத்து, வன்மையான ஒலிகளுக்குத் தடித்த எழுத்து என்று வகுத்தார். படிப்பறையின் கையெழுத்து மோட்டார் வண்டியாக மாறியது. அதே மரினெட்டி 1919-இல் முசோலினியோடு சேர்ந்து நின்றார். வடிவத்தில் புரட்சி செய்கிறவன் அரசியலிலும் நம்மாள்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எதிர் உதாரணமும் உண்டு. 1927-இல் ஜெர்மனியின் பாவர் வார்ப்பகத்துக்காக பால் ரென்னர் வரைந்த ‘ஃபியூச்சுரா’ வட்டமும் நேர்கோடுமான எழுத்து. 1932-இல் நாஜிகளின் பண்பாட்டுக் கொள்கையை எதிர்த்து ரென்னர் ஒரு சிறுநூல் எழுதினார். 1933-இல் கைதானார், வேலை பறிபோயிற்று. ஃபியூச்சுராவுக்கும் சாய்ந்த வடிவம் வந்தது. ஆனால் அது கிரிஃபோவின் சாய்வு இல்லை. நேரெழுத்தை அப்படியே தள்ளிச் சாய்த்தது. கையெழுத்தின் ஞாபகம் அதில் துளியும் கிடையாது.

அந்த எழுத்தை விளம்பர உலகம் தூக்கிக்கொண்டு போயிற்று. நிலவில் 1969-இல் வைத்த பலகையிலும் அதுதான். பத்திரிகை அலுவலகத்தில் வடிவமைப்பாளராக வேலை பார்த்த பார்பரா குரூகர் 1980-களில் அதைத் திருப்பிப் பிடித்தார். கறுப்பு வெள்ளைப் புகைப்படம், சிவப்புப் பட்டை, அதில் வெள்ளையாகத் தடித்த சாய்ந்த ஃபியூச்சுரா. சுவர் முழுக்க நிரப்புகிற பிற்காலப் படைப்புகளில் நெருக்கிக் குறுக்கிய எழுத்துகளும் வந்தன. ‘வாங்கு’ என்று அதட்டின குரலாலேயே, யார் அதட்டுகிறார்கள் என்று கேட்க வைத்தார். 1989 ஏப்ரல் 9 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் பேரணிக்காக, உன் உடல் ஒரு போர்க்களம் என்று சொல்கிற அவருடைய சுவரொட்டி கருக்கலைப்பு உரிமைக்காக ஒட்டப்பட்டது. 1973-இல் கிடைத்த அந்த உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் பறித்துக்கொண்டது. சுவரொட்டி பழசாகவில்லை, நிலைமைதான் பின்னால் போயிருக்கிறது.

கதை அங்கேயும் முடியவில்லை. 1994-இல் நியூயார்க்கில் தொடங்கின ‘சுப்ரீம்’ என்கிற துணிக்கடை, சிவப்புப் பெட்டிக்குள் வெள்ளைச் சாய்ந்த ஃபியூச்சுராவைத் தன் அடையாளமாக வைத்துக்கொண்டது. 2013-இல் அந்த அடையாளத்தைக் கேலி செய்த இன்னொரு நிறுவனத்தின் மேல் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. குரூகரிடம் கருத்துக் கேட்டபோது, இந்தக் கூத்தாடிகள் எல்லோரும் என் மேலும் எப்போது வழக்குப் போடுவார்கள் என்று காத்திருக்கிறேன் என்கிற மாதிரி நக்கலாகப் பதில் அனுப்பினார். 2020-இல் அந்தக் கடை 210 கோடி டாலருக்குக் கைமாறியது. 2024-இல் மறுபடியும் 150 கோடி டாலருக்கு. எழுத்து வடிவத்துக்குக் காப்புரிமை கிடையாது என்று அமெரிக்க நீதிமன்றம் 1978-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் அதை ஒரு பெட்டிக்குள் போட்டு வணிகக் குறி ஆக்கினால் கோடிகள். 1502-இல் வெனிஸ் செனட் கொடுத்த சீட்டு வேறு பெயரில் இன்னும் செல்லுபடியாகிறது.

6

தமிழுக்கு வருவோம். நெருக்கம் நமக்குப் புதிசில்லை. ஹாலேயிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரிசாக இருந்தன, தாள் தட்டுப்பாடு. அதனால் 1715-க்குள் உள்ளூரிலேயே சின்ன எழுத்து வார்த்துப் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். எழுத்தின் அளவைத் தாளின் விலை தீர்மானிப்பது இங்கேயும் நடந்திருக்கிறது.

சாய்வு வேறு விஷயம். ரோமன் எழுத்தில் இருப்பது போல, கையெழுத்து மரபிலிருந்து வந்து நேரெழுத்துக்கு இணையாக நிற்கிற சாய்வெழுத்து தமிழில் வேர்பிடிக்கவில்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகு பட்டனை அமுக்கிச் சாய்த்துவிடுகிறோம். தலைப்பு பத்திக்குள் அடங்கவில்லையா, அகலத்தை எழுபது சதவீதம் ஆக்கு. அப்படிக் குறுக்கும்போது நிற்கிற கோடுகள் மெலிகின்றன, படுக்கிற கோடுகள் தடிப்பாகவே நிற்கின்றன, ‘ஞ’வும் ‘ண’வும் மூச்சுமுட்டுகின்றன. சுவரில் கட்சி விளம்பரம் எழுதின ஓவியர்களும் நெருக்கித்தான் எழுதினார்கள். ஆனால் சுவரின் நீளத்தைக் கண்ணால் அளந்து, ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் குணம் கெடாமல் ஒடுக்கினார்கள். ஃபிளெக்ஸ் வந்து அந்தக் கைகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. அவர்கள் பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை. கிரிஃபோவுக்காவது ஒரு சொன்சினோ இருந்தார்.

ஆங்கிலப் பதிப்பாளர்கள் நம் சொற்களைச் சாய்ப்பதைக் குறை சொல்கிற நாம், நம் பக்கங்களில் என்ன செய்கிறோம்? வட்டார வழக்கையும் சேரிப் பேச்சையும் ஒற்றை மேற்கோள் குறிக்குள் அடைக்கிறோம், அல்லது சாய்த்து விடுகிறோம். கதாசிரியரின் ‘செந்தமிழ்’ நிமிர்ந்து நிற்கிறது; பாத்திரத்தின் பேச்சு ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கிற மாதிரி சாய்ந்து கிடக்கிறது. தலித் எழுத்து இந்த வரிசையைக் கலைத்து, பேச்சுமொழியையே கதைசொல்லியின் மொழியாக்கிக் காட்டிய பிறகும், மெய்ப்புத் திருத்துகிறவர்களின் கை பழைய பழக்கத்தை விடவில்லை.

ஆகவே பத்திரிகை நடத்துகிற நண்பர்களிடம் இரண்டு விஷயங்களைக் கேட்கிறேன். பேச்சுமொழியைச் சாய்க்காதீர்கள், குறிக்குள் பூட்டாதீர்கள். அட்டைப்பட ஓவியரின் பெயரைப் போடுகிற பக்கத்தில், எந்த எழுத்துருவில் பத்திரிகை அச்சாகிறது, அதை வரைந்தது யார் என்பதையும் ஒரு வரி போடுங்கள். பெயர் தெரியவில்லை என்றால் விசாரியுங்கள். வரைந்தவருக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்பதையும் சேர்த்தே விசாரியுங்கள்.